பின்பக்கக் கைப்பிடி

அந்த அக்காவிடம் எதைக் கேட்டாலும் முதலில் ஒரு கேள்விதான் திரும்பி வரும். "யாருக்கு?"

தங்க வயலில், ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் அவருடைய அண்ணன் பாத்திரக்கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு. இரண்டுக்கும் நடுவே கதவில்லாத ஒரு வாசல். அந்த வாசலை ஒட்டி, வீட்டுப் பக்கமாக ஒரு மேசை போட்டு அக்கா உட்கார்ந்திருப்பார். வாங்கிய பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருவது அவர் வேலை. தடித்த பேனா மாதிரி ஒரு மெஷின். அதன் முனையைப் பாத்திரத்தில் வைத்ததும் ட்ர்ர்ரென்று ஒரு சத்தம் கிளம்பும். கடைக்கு வந்தவர்களுக்குப் பல் கூசும். அவருக்குக் கூசாது.

குடத்தையோ தூக்குவாளியையோ நீட்டி "பேர் வெட்டணும்மா" என்றால், என்ன பெயர் என்று கேட்கமாட்டார். யாருக்கு என்றுதான் கேட்பார்.

ஒருமுறை நான் அங்கே நின்றிருந்தபோது, மகளுக்குச் சீர்ப் பாத்திரம் வாங்க வந்த ஒருவர் எல்லாவற்றிலும் தன் பெயரை இனிஷியலோடு வெட்டச் சொன்னார்.

"யாருக்குங்க இதெல்லாம்?"

"பொண்ணுக்குத்தான். வர்ற மாசம் கல்யாணம்."

"அப்ப பொண்ணு பேரு இல்ல வெட்டணும்?"

"குடுக்கிறது நான்தாம்மா."

"துலக்கப் போறது அவ இல்லீங்களா?"

அவர் முகம் இறுகிவிட்டது. கல்லாவிலிருந்த அண்ணன், "சொன்னத வெட்டிக் குடு. இன்னா வளவளன்னு" என்று அதட்டினார். அக்கா சொன்னபடியே வெட்டினார். வெளிப்பக்கம் அப்பாவின் பெயர், பெரிதாக. அவர் குத்துவிளக்கு பார்க்க நகர்ந்ததும், பக்கத்தில் வாய் திறக்காமல் நின்றிருந்த மகளிடம் பெயரைக் கேட்டு, உள்விளிம்புக்குக் கீழே கடுகு கடுகாக அதையும் வெட்டினார். "தேய்க்கும்போது கையில படும்" என்று அவளிடம் மட்டும் சொன்னார்.

இன்னொரு நாள், தொழிற்சாலையில் ஷிப்டுக்குப் போகிற ஒருவர் டிபன் பாக்ஸின் மூடியில் பெயர் வேண்டும் என்றார். "கண்ண மூடிகினு பொட்டிய புடிங்க பாக்கலாம்" என்றார் அக்கா. அந்த ஆள் கூச்சத்தோடு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிப் பிடித்தார். கட்டைவிரல் விழுந்த இடத்தில் அக்கா பெயரை வெட்டினார். "மூடி மாறிப்பூடும். விரலு மாறாது."

நாலு வயதில் வந்த காய்ச்சலில் அவருடைய இரண்டு கால்களும் போய்விட்டன. நான் பார்த்த காலத்தில் அவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். அவரிடமிருந்த நாற்காலி ஆஸ்பத்திரியில் இருப்பதுபோன்ற பழைய ரகம். நாலும் சின்னச் சக்கரங்கள். உட்கார்ந்திருப்பவர் அதை உருட்ட முடியாது, பின்னாலிருந்து யாராவது தள்ள வேண்டும். தள்ளுபவர் எந்தப் பக்கம் பார்க்க வைத்துவிட்டுப் போகிறாரோ அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

ஒரு காலை நேரம் நான் போனபோது அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மேசை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பெருக்க வந்த பெண் நாற்காலியைத் திருப்பி வைத்தவள் மறந்து போய்விட்டாளாம்.

"கூப்பிட்டிருக்கலாமே அக்கா?"

"கடையில ஆளு இருக்குதே. கூப்புட்டா அண்ணன் கத்துவாரு. இதோ, இந்தச் சுண்ணாம்பு உரிஞ்ச எடம் முயல் மாதிரி இருக்குது பாரு. முதல்ல மான்னு நெனச்சிகினு இருந்தேன்."

அந்த வீட்டிலிருந்து தெருவுக்குப் போகத் தனி வழி இல்லை. பின்பக்கம் குழாயடியும் உயரமான மதில் சுவரும்தான். முன்பக்கம் போவதென்றால் கடை வழியாகப் போக வேண்டும். கடை திறந்திருக்கும் நேரத்தில் அண்டாக்களும் தவலைகளும் இரண்டு பக்கமும் அடுக்கியிருக்க, ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்குத்தான் இடம். ஆகவே கடைக்கு விடுமுறை விடும் நாளில் மட்டும் அக்கா தெருவைப் பார்ப்பார். அண்ணன் தள்ளிக்கொண்டு கோயில் வரை போய் வருவார். வழியில் தெரிந்தவர் யாரைப் பார்த்தாலும் அண்ணன் நின்று பேசுவார். அக்கா நிற்க விரும்பும் இடத்தில் நாற்காலி நிற்காது.

அண்ணன் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். அக்காவுக்கு ஜுரம் என்றால் கடையை மூடிவிடுவார். தீபாவளிக்கு முதல் புடவை அவருக்குத்தான். அம்மா அப்பா போன பிறகு ஒரு நாள்கூட அவரைப் பாரம் என்று சொன்னதில்லை. அக்காவே என்னிடம் சொல்லியிருக்கிறார். "கண்ணாடிச் சாமான் மாதிரி பாத்துக்குவாரு" என்றார். அதை எந்தக் குரலில் சொன்னார் என்பதை எனக்கு எழுதத் தெரியவில்லை.

நான் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஏறி, தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். நான் இருந்த கம்பெனி ஒரு புதுவகைச் சக்கர நாற்காலியைத் தயாரிக்கத் திட்டமிட்டது. வாங்குபவரின் விருப்பப்படி அதை மாற்றிக்கொள்ளலாம். இருக்கையின் அகலம், சாய்மானம், கைதாங்கி, நிறம் என்று ஒவ்வொன்றையும் அவரே தேர்ந்தெடுக்கலாம். எதையெல்லாம் மாற்றும்படி செய்வது, எதை ஒரே மாதிரி வைப்பது என்பதை மக்களின் எண்ணத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். படங்களைக் காட்டி, அதைப் பார்த்தால் எப்படித் தோன்றுகிறது என்று கேட்க வேண்டும். ஒரு பக்கம் 'பயமாக' என்றும் மறு பக்கம் 'பாதுகாப்பாக' என்றும் எழுதியிருக்கும். நடுவே ஒன்று முதல் ஏழு வரை கட்டங்கள். 'அந்நியமாக', 'நம்முடையதாக' என்று இன்னொரு வரி. இப்படிப் பல. தங்க வயலில் நாற்காலி வைத்திருக்கும் வீடுகளில் கேட்டு வரும் வேலை, தமிழ் தெரிந்த உள்ளூர்க்காரி என்பதால் எனக்கு வந்தது. எனக்கு முதலில் நினைவு வந்தது அக்காதான்.

விடுமுறை நாளில் போனேன். அண்ணன் காபி வரவழைத்து, தங்கையின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நான் பின்புறம் தடித்த கைப்பிடி வைத்த நாற்காலியின் படத்தைக் காட்டினேன்.

"இது பாதுகாப்பா தோணுதா அக்கா?"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"கைப்பிடி பின்னால இல்ல இருக்குது? உக்காந்திருக்கிற எனக்கு அது எங்க தெரியும்? தள்றவங்களுக்குத்தான் தெரியும்."

அண்ணன் சிரித்தார். "நல்லா கெட்டியா கீது. ஏழு போட்டுக்கம்மா."

"அழகா இருக்கா?" என்று அடுத்ததைக் கேட்டேன்.

"யாருக்கு? பாக்கறவங்களுக்கா, உக்கார்றவங்களுக்கா?"

"அவ அப்படித்தான் பேசிகினே இருப்பா. ஆறு போடு" என்றார் அண்ணன்.

என் கையிலிருந்த தாளில் ஒரு வீட்டுக்கு ஒரு பதிலுக்குத்தான் இடம் இருந்தது. அக்காவின் கேள்விகளை எழுதக் கட்டம் இல்லை. அண்ணன் சொன்ன எண்கள் ஒழுங்காக இருந்தன. நான் அவற்றைத்தான் எழுதினேன். அக்கா என் பேனா போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, "மேல பேரு போட்டியே, அது என் பேரா, அவரு பேரா?" என்று கேட்டார். தாளில் அக்காவின் பெயர் இருந்தது. அவர் சொன்ன ஒரு வார்த்தைகூட அதில் இல்லை.

சில வாரங்கள் கழித்து, அடுத்த கட்டப் படங்களோடு முன்னறிவிப்பு இல்லாமல் போனேன். கடை பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனால் வீட்டுக்கூடத்தில் புதுப் பாய் விரித்திருந்தார்கள். அண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அண்ணன் வேகமாக எழுந்து வந்து என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"இன்னைக்கு வேணாம்மா. அவ தூங்குறா."

கூடத்தை ஒட்டி ஒரு கோடௌன் உண்டு. பாத்திரம் வந்த அட்டைப்பெட்டிகளும் வைக்கோலும் போட்டுவைக்கிற, ஜன்னல் இல்லாத அறை. அதன் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு முன்னால் நாலைந்து அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே ஒரு ஜமக்காளத்தைப் போர்த்தியிருந்தார்கள். அதற்குப் பின்னாலிருந்து ட்ர்ர்ரென்று மெஷின் சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

அண்ணனுக்கும் கேட்டது. எனக்கும் கேட்டது என்பது அவருக்குத் தெரிந்தது. "குடும்பத்துல ஏதோ கொறைன்னு நெனச்சிடுவாங்கம்மா. புள்ள வாழ்க்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஜமக்காளத்தை விலக்கிக் கதவைத் திறக்க எனக்கு நாலு எட்டு போதும். வைக்கவில்லை.

அந்த வரன் வேறு ஏதோ காரணத்தால் அமையவில்லை.

அடுத்த முறை போனபோது அக்கா தலை நிமிராமல் சொன்னார். "அன்னிக்கு வந்திருந்த இல்ல? உன் செருப்புச் சத்தம் தெரியும் எனக்கு."

நான் பையிலிருந்த படங்களை எடுத்து மேசையில் வைத்தேன்.

"ஒரு டம்ளர்ல பேரு வெட்டிகினு இருந்தேன். பாதி எழுத்துல வந்து தள்ளிகினு போயிட்டாரு. மெஷின மடியில போட்டு, மீதிய அங்க வெட்டிக்கோன்னாரு. அவருக்கு என்னய நவுத்துறதுக்கு என்னைக் கேக்கணும்னே தோணாது. மேசைய நவுத்தினா மேசைய கேக்கறமா?" அப்புறம் நிமிர்ந்து பார்த்தார். "உங்க கம்பெனில எத எதையோ மாத்திக்கலாம்னியே. அந்தக் கைப்பிடிய இல்லாம பண்ண முடியுமா?"

"அப்புறம் உங்கள எப்படி தள்றது அக்கா?"

"அதுக்குத்தான் கேக்கறேன்."

பெங்களூரில் எல்லா ஊர்த் தாள்களையும் சேர்த்துப் பார்த்தபோது, பின்பக்கக் கைப்பிடிக்குத்தான் அதிக மதிப்பெண் விழுந்திருந்தது. அதை எல்லா நாற்காலிகளிலும் மாற்ற முடியாத பாகமாக வைத்து, நிறத்தை மட்டும் தேர்ந்தெடுக்க விடலாம் என்று கூட்டத்தில் முடிவாகிக்கொண்டிருந்தது. நான் எழுந்து, அந்த எண்களில் என் ஊர் எண்கள் தவறானவை என்றேன். தள்ளுகிறவர்கள் சொன்னதை உட்காருகிறவர்கள் பெயரில் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். மேலாளர் கோபப்படவில்லை. "மற்ற ஊர்களில் மட்டும் யாரைக் கேட்டிருப்போம்?" என்றார்.

உட்காருபவருக்கு ஒரு தாள், தள்ளுபவருக்கு ஒரு தாள். இருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்று மாற்றினார்கள். நான் மறுபடி அதே வீடுகளுக்குப் போனேன். அண்ணன்களையும் கணவர்களையும் மருமகள்களையும் வெளியே அனுப்புவது எளிதாக இல்லை. "எனக்குத் தெரியாம அவளுக்கு இன்னா தெரியும்?" என்று ஒருவர் கேட்டார். ஆனால் கதவைச் சாத்திய பிறகு வந்த பதில்கள் வேறாக இருந்தன. பின்னாலிருந்து திடீரென்று நாற்காலி நகர்ந்தால் கீழே விழுகிற மாதிரி இருக்கிறது என்று, ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒரே மாதிரி சொன்னார்கள்.

கழற்றக்கூடிய கைப்பிடியோடு ஒரு மாதிரி நாற்காலி தயாரானது. பெரிய சக்கரங்கள், உட்கார்ந்தபடியே உருட்டிக்கொள்ளலாம். கைப்பிடியை விடுவிக்கும் லீவரை முதுகுப் பக்கம் வைத்திருந்தார்கள். அதை அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் அதில் மாறி உட்கார்ந்து, கூடத்தை மூன்று முறை சுற்றினார். அண்ணன் ஸ்டூலை ஒதுக்கினார், அண்ணி பாயைச் சுருட்டினார், மகள் கைதட்டினாள். அக்கா சிரிக்கக்கூட இல்லை. அவ்வளவு கவனமாக உருட்டினார். பிறகு லீவரைத் தேடினார். கை எட்டவில்லை.

"இது யாருக்கு வெச்சிருக்காங்க?"

அவரே கண்ணை மூடிக்கொண்டார். வலது கையைத் தளர்வாகத் தொங்கவிட்டார். இருக்கைக்கு அடியில் சட்டத்தின் ஓரிடத்தில் விரல் போய்த் தொட்டது. மெஷினை எடுக்கச் சொல்லி அந்த இடத்தில் ஒரு கோடு கிழித்தார். "இங்க. பின்னால நிக்கிறவங்க கைக்கு வராது."

கோடு கிழித்த இடத்தில்தான் பின்னால் வந்த எல்லா நாற்காலிகளிலும் லீவர் வந்தது.

முதல் நாற்காலி அவருக்கு வந்தது. வந்த அன்றே கைப்பிடிகளைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நாப்பது வருசமா தள்ளின கை இது. அப்பா இருந்த காலத்துல சின்னப் புள்ளயா இருந்து தள்ளிகினு வரேன். நான் உனக்கு இன்னா கெடுதி பண்ணேன்?" என்று கேட்டார். இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை என்று மகள் சொன்னாள்.

கடை வழியின் அகலம் கூடவில்லை. புது நாற்காலியும் அண்டாக்களுக்கு நடுவே நுழையாது. அக்கா கூடத்துக்கும் குழாயடிக்கும் கோடௌனுக்கும் நடுவே உருட்டிக்கொண்டிருந்தார். ஆனால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகளுக்கு வேறு இடத்தில் முடிவாகி, நிச்சயத்தை வீட்டோடு வைத்துக்கொண்டார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். கடை மூடியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வரவில்லை. அக்கா பச்சைப் பட்டு கட்டி, கூடத்தின் நடுவில் இருந்தார். அண்ணன் அவசரமாகப் பின்னால் வந்து, பழக்கத்தில் இரண்டு கைகளையும் நீட்டினார். பிடிக்க ஒன்றும் இல்லை. கைகளை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு சுற்றி முன்னால் வந்து, அக்காவின் முகத்துக்கு நேராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இத்தனை நாளில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இன்னைக்கு ஒரு நாள் உள்ள இரும்மா. புள்ளக்காக."

அக்கா அவரைப் பார்த்தார். "இதுக்கு முன்னால கேட்டதே இல்லியே நீ."

"இப்ப கேக்கிறேன் இல்ல?"

அக்கா, பூ வைத்துக்கொண்டிருந்த அண்ணன் மகள் பக்கம் திரும்பிப் பார்த்தார். சக்கரங்களில் கை வைத்தார். யாரும் தொடாமல், தானே உருட்டிக்கொண்டு கோடௌனுக்குள் போனார்.

நான் பின்னாலேயே போனேன். வைக்கோல் வாசனை, ஒரு குண்டு பல்பு. நான் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். "கதவ முழுசா சாத்தாத" என்றார். வெளியே வண்டி நிற்கும் சத்தமும் "வாங்க, வாங்க" என்ற குரல்களும் கேட்டன.

"வரமாட்டேன்னு சொல்லியிருக்கலாமே அக்கா?"

"தள்ளிகினு வந்து போட்டா, வாயில வர்றத திட்டிகினாவது உக்காந்திருப்பேன். இப்ப யார திட்டுறது? நானே இல்ல வந்தேன்?"

எங்கள் கம்பெனியில் அந்த நாற்காலியை எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

சந்தனம் பூசிய கையைக் கழுவ மாப்பிள்ளையின் அம்மா குழாயடிக்குப் போனார். திரும்பும்போது கதவு இடுக்கில் வெளிச்சம் பார்த்து நின்று, கதவைத் தள்ளினார். அண்ணன் துண்டோடு ஓடி வந்தார்.

"இவங்க யாரு?"

"அவங்க... கடையில பேரு வெட்டுறவங்க" என்றார் அண்ணன்.

அக்காவின் கை சக்கரத்தின் மேல் இறுகியது. "தங்கச்சிங்க. இவரு கூடப் பொறந்தவ. சின்ன வயசுல ஜுரம் வந்து காலு பூடுச்சி."

அந்த அம்மாள் அக்காவையும் நாற்காலியையும் பார்த்தார்.

"அப்படிங்களா? இங்க இன்னாத்துக்கு ஒண்டியா உக்காந்துகினு இருக்கீங்க? ஸ்வீட் எடுத்துகினீங்களா?"

"ஆச்சிங்க."

"சரிங்க" என்று துண்டை வாங்கிக் கை துடைத்து, திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் தட்டு மாற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கல்யாணத் தேதி வாசித்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணன் அங்கேயே நின்றிருந்தார்.

"இவ்ளோதானா?" என்றார் அக்கா.

அவர் கூடத்துப் பக்கம் பார்த்தார்.

"உன் கல்யாணத்தன்னிக்கும் என்னய இங்கதான் வெச்சாங்க. காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும். இதுக்கா?"

அண்ணன் துண்டை நாலாக மடித்தார். பிறகு முகத்தில் வைத்துக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. அக்கா அவரைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, போட்டோக்கு வா!" என்று கூடத்திலிருந்து மகள் கூப்பிட்டாள்.

"வரேன்" என்றார் அக்கா. கை சக்கரத்தில் இருந்தது. சக்கரம் நகரவில்லை. நான் வழியிலிருந்த பெட்டிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, வெளியே போய் நின்றேன். போட்டோக்காரர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாண மண்டபத்தில் எடுத்த படங்களில் அக்கா முன்வரிசையில் இருக்கிறார். நிச்சயத்தன்று எடுத்ததில் இல்லை. அவர் கோடௌனிலிருந்து வெளியே வந்தபோது எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.